கொடைக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு: விமானம் தாமதமானால் கேட்டு வாங்க வேண்டிய பணம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். நம் கோயில் திருவிழாவான ஆடிக் கொடைக்குக் கால்நாட்டும் தேதி தெரிந்ததிலிருந்து எல்லாரும் டிக்கெட் விலையைப் பற்றியே எழுதுகிறீர்கள். டிக்கெட் எடுத்த பிறகு நடப்பதைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கிறது.

போன கொடைக்கு நாங்கள் நான்கு பேர் ஃபிராங்க்பர்ட்டில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, செவ்வாய்க்கிழமை காலையில் திருவனந்தபுரத்தில் இறங்குவதாக இருந்தது. இயந்திரக் கோளாறு என்று ஃபிராங்க்பர்ட்டிலேயே ஐந்து மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். மாற வேண்டிய விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. புதன்கிழமை காலையில்தான் இறங்கினோம். ஆரல்வாய்மொழி தாண்டி, வள்ளியூர் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது மஞ்சள் நீராட்டு முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வில்லுப்பாட்டு இல்லை, சாமக்கொடை இல்லை. என் மகள் இன்னும் ஒரு கொடையைக்கூடப் பார்த்ததில்லை.

“பத்திரமாக வந்து சேர்ந்தீர்களே, அது போதும்” என்றார் அப்பா. நானும் அப்படியே விட்டிருப்பேன். திரும்பிப் போனதும் உடன் வேலை செய்யும் ஜெர்மானியப் பெண்மணி கேட்ட முதல் கேள்வி, “பணம் கேட்டு எழுதிவிட்டாயா?” என்பதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் இது. அங்கிருந்து புறப்படும் எந்த நாட்டு விமானத்துக்கும் பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஆளுக்கு 600 யூரோ. மூன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் என்றால் பாதியாகக் குறைக்கலாம். நேரத்தை விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதிலிருந்து எண்ணக் கூடாது, கதவு திறந்ததிலிருந்து எண்ண வேண்டும் என்று 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. கதவு திறந்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டிக்கெட் திருவனந்தபுரம் வரை ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருந்தது. அதனால்தான் கடைசி ஊரில் வந்து சேர்ந்த தாமதம் முழுவதும் கணக்கில் வந்தது. சில நூறு யூரோ மிச்சம் என்று வளைகுடா வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து தனியாக ஒரு டிக்கெட் என்று எடுத்திருந்தால் இரண்டாவது விமானம் போனது எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். தயவுசெய்து அப்படிப் பிரித்து எடுக்காதீர்கள்.

நிறுவனத்திடமிருந்து வந்த முதல் பதில், “தவிர்க்க முடியாத சூழ்நிலை, தர இயலாது.” அதைப் படித்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. புயல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு அந்தச் சாக்கு செல்லும். வழக்கமான இயந்திரப் பழுதுக்குச் செல்லாது, இது அதே ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2008 தீர்ப்பு. அதைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். அடுத்து, பணத்துக்குப் பதில் பயணக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். நாம் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் ஒழியக் கூப்பன் தர முடியாது. ஐந்து மாதம் கழித்து 2,400 யூரோ வங்கிக் கணக்குக்கு வந்தது. ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட பழைய பயணம் ஏதாவது இருந்தால் தேடிப் பாருங்கள்: அது நடந்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டு வரை கேட்கலாம். லண்டன்காரர்களுக்கும் ஏறக்குறைய இதே விதிதான், தொகை 520 பவுண்டு.

ஆனால் திரும்பும் வழியில் இந்தப் பாதுகாப்பு எல்லாருக்கும் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து ஐரோப்பிய நிறுவனம் அல்லாத விமானத்தில் ஏறினால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. உங்கள் கடவுச்சீட்டு எந்த நாடு என்பதை அது பார்ப்பதே இல்லை.

என் மனத்தை அரிப்பது வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களின் நிலைதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பு வாங்கி வருகிறவர்களுக்குத்தான் ஒரு நாள் போவது பெரிய இழப்பு, அவர்களுக்குத்தான் சட்டம் குறைவாகத் தருகிறது. இந்திய விதியில் தாமதத்துக்கு ரொக்கம் கிடையாது: காத்திருக்கும்போது சாப்பாடு, ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானம் அல்லது பணம் திரும்ப. இந்திய நிறுவனம் உரிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தொடர்பு எண் சரியாகக் கொடுக்காத பயணிக்கு அந்தப் பணம் கிடையாது. நம் ஊர்ப்பக்கம் டிராவல்ஸ் கடையில் டிக்கெட் போட்டால் பெரும்பாலும் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுகிறார். ரத்து என்ற செய்தி அவருக்குப் போகிறது, நாமோ பெட்டியைக் கட்டிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்கிறோம். “அறிவித்துவிட்டோம்” என்று நிறுவனமும் கையை விரித்துவிடுகிறது. டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் போடச் சொல்லி, அச்செடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இதற்கு அப்பால், பன்னாட்டு விமானப் பயணங்களுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது, வளைகுடா நாடுகளும் சேர்ந்திருக்கின்றன. தாமதத்தால் கைவிட்டுப் போன பணத்தை, வண்டி வாடகை, விடுதி, தவறவிட்ட ரயில் டிக்கெட் எதுவானாலும், ரசீது காட்டிக் கேட்கலாம். விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். பெட்டி தாமதமாக வந்தால் அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள், காத்திருந்தபோது வாங்கிய தேநீருக்குக்கூட ரசீது வாங்குங்கள்.

பணம் வாங்கித் தருகிறோம் என்று இணையத்தில் வரும் நிறுவனங்கள் கால் பங்குக்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. நான் எழுதிய இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன, கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன். விமான எண்ணையும் தேதியையும் மாற்றினால் போதும்.

மஸ்கட் அத்தான், சித்திரையில் நீங்கள் ஒரு நாள் முழுவதும் காத்துக் கிடந்ததற்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆகவில்லை. நாகர்கோவிலிலிருந்து பேசி வைத்திருந்த வாடகை வண்டிக்குக் கொடுத்த பணத்தின் ரசீதை மயினியிடம் தேடி எடுக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு உங்களை அழைக்கிறேன், இருவருமாக உட்கார்ந்து எழுதிவிடலாம்.

அன்புடன்,
மேலத்தெருவிலிருந்து, இப்போது ஃபிராங்க்பர்ட்