அப்பாவின் பழைய எக்ஸ்பி கணினியை அப்படியே காப்பாற்ற வேண்டும், எங்கே தொடங்குவது?

பட்டர்வொர்த் மகள்:

வணக்கம். அப்பாவிடம் 2008இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3, 2 ஜிபி ரேம், 160 ஜிபி சாட்டா ஹார்ட் டிஸ்க். எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) கோயிலின் திருவிழா மலர், அவர் வேலை பார்த்த தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய தமிழ் எழுத்துருவை வைத்து, அவரே தட்டச்சு செய்து அவரே பக்கம் அமைத்தவை.

இரண்டு மாதமாகக் காலையில் கணினியைப் போட்டால் கடிகாரம் பல மணி நேரம் பின்தங்கி நிற்கிறது. போன வாரத்திலிருந்து டெஸ்க்டாப் வரவே பத்து நிமிடம் ஆகிறது, இடையிடையே உள்ளிருந்து டக் டக் என்று சத்தம் வேறு. பக்கத்துக் கடைக்கு எடுத்துப் போனேன், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் 150 வெள்ளி (ரிங்கிட்) கொடுங்கள், ஃபார்மேட் செய்து புது விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்றார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நானே திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேஜ்மேக்கர் நிறுவிய சிடி இப்போது கையில் இல்லை. அதனால் கோப்புகள் மட்டும் போதாது, விண்டோஸும் மென்பொருளும் இருக்கிறபடியே வேண்டும். சி டிரைவில் இருப்பதை எல்லாம் ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி பேஸ்ட் செய்தால் போதுமா?

செந்தூல் பழுதுகாரர்:

தங்கச்சி, முதலில் அந்தக் கணினியைப் போடுவதை நிறுத்துங்கள். டக் டக் சத்தம் டிஸ்க்கைப் படிக்கும் தலை தடுமாறும் சத்தம், ஒவ்வொரு முறை போடும்போதும் மிச்சம் இருப்பது குறைந்துகொண்டே போகும். கடிகாரம் பின்தங்குவது அதோடு சேர்ந்தது இல்லை, அது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவருவது. ஆனால் பேட்டரியை அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள், அதற்குப் பின்னால் வருகிறேன்.

காப்பி பேஸ்ட் போதாது. எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் அமைப்புகளை எல்லாம் வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி கோப்புகள் பூட்டியிருக்கும், காப்பியாகாது. டிஸ்க்கின் முதல் செக்டரில் இருக்கும் துவக்கக் குறிப்பும் கோப்பாக உங்கள் கண்ணில் படாது. இது இரண்டும் இல்லாமல் புது டிஸ்க்கில் எக்ஸ்பி எழும்பாது. விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோரையும் நம்ப வேண்டாம், அது தன் பிரதியை அதே டிஸ்க்கில்தான் வைத்திருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போகும்.

டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி சாட்டா அடாப்டர் வழியாக வேறொரு கணினியில் மாட்டுங்கள். அந்தக் கணினியை, நிறுவாமலே ஓடும் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் துவக்கி, டிடிரெஸ்கியூ என்ற நிரலால் முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் கோப்பாக (டிஸ்க்கின் அச்சு அசல் பிரதியாக) எடுங்கள். சத்தம் போடாத டிஸ்க்காக இருந்தால் குளோன்ஸில்லா என்ற நிரலே போதும் என்றிருப்பேன், அது வேகம், பயன்படுத்திய இடத்தை மட்டும் எடுக்கும். ஆனால் தடுமாறும் டிஸ்க்கில் குளோன்ஸில்லா படிக்க முடியாத இடத்தில் நின்றுவிடும். டிடிரெஸ்கியூ நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட பகுதிகளைத் தாவிக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்பதை மேப் கோப்பில் எழுதிக்கொண்டே போகும், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளை கொடுக்கும்போது எது பழைய டிஸ்க், எது புதியது என்று இரண்டு முறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் அப்பாவின் டிஸ்க் மேலேயே எழுதிவிடும், இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், மீட்க வழியே இல்லை. சேமிக்கும் வெளி டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்கக் கூடாது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது.

இன்னொன்று, காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். சாயங்கால இடி மழை நம் ஊரில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, பாதியில் மின்சாரம் போனால் அந்த டிஸ்க் மறுபடி சுழலுமா என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

ஜார்ஜ்டவுன் அச்சகம்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், நான் அச்சுத் தொழிலில் இருப்பதால் இது எனக்குப் பெரிய விஷயம். இமேஜ் எடுத்த கையோடு விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையைத் தனியாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். எல்லா மொழிக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடு பரவுவதற்கு முந்திய தமிழ் எழுத்துருக்கள் வேறு எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகத்தான் தெரியும். டிஸ்கி, டாம், டாப், அஞ்சல் என்று ஒவ்வொன்றும் ஒரு தனிக் குறிமுறை. எழுத்துருவின் பெயர் தெரிந்தால்தான் எந்தக் குறிமுறை என்று கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்ற முடியும்.

பேஜ்மேக்கர் 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றது. அந்தக் கோப்புகளை அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரை திறக்கலாம், அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை. அதனால் எக்ஸ்பி எழும்பியதும் ஒவ்வொரு மலரையும் எழுத்துருவை உட்பொதித்துப் பிடிஎஃப் ஆக்குங்கள். பிடிஎஃபில் தமிழில் தேட முடியாது, ஆனால் பக்கம் அப்பா அமைத்த மாதிரியே இருக்கும், எந்தக் கணினியிலும் திறக்கும்.

பட்டர்வொர்த் மகள்:

அண்ணே, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. தம்பியின் மடிக்கணினியில் வைத்து டிடிரெஸ்கியூ ஓட்டினேன். முதல் சுற்று ஐந்து மணி நேரத்தில் முடிந்தது, மிச்சத்துக்கு இரவு முழுக்க விட வேண்டியதாயிற்று. கடைசியில் 48 கேபி மட்டும் வரவில்லை. எழுத்துருக்களைத் தனியாக எடுத்துவிட்டேன்.

புதிதாக 500 ஜிபி டிஸ்க் வாங்கி இமேஜை அதில் எழுதினேன், பேட்டரியும் மாற்றினேன். இப்போது விண்டோஸ் சின்னம் வருகிறது, உடனே நீலத் திரை, எண் 7பி என்று முடிகிறது. சேஃப் மோடிலும் இதேதான். படிக்க முடியாமல் போன அந்த 48 கேபிதான் காரணமா? எனக்குக் கை நடுங்குகிறது.

செந்தூல் பழுதுகாரர்:

பயப்படாதீர்கள், 48 கேபி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பேட்டரிக்குப் பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அதை எழுதாமல் விட்டது என் தவறு, மன்னியுங்கள். பேட்டரியைக் கழற்றியதும் கணினியை முதலில் எழுப்பும் மதர்போர்டு நிரலான பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்து ஆலை அமைப்புக்குப் போய்விடும். சில போர்டுகளில் அது டிஸ்க் இணைப்பான சாட்டாவை ஏஎச்சிஐ என்ற புதிய முறையில் வைக்கும். எக்ஸ்பியில் ஏஎச்சிஐ டிரைவர் இயல்பாகக் கிடையாது, டிஸ்க்கையே காணவில்லை என்று 7பி காட்டி நின்றுவிடும். பயாஸுக்குள் போய்ச் சாட்டா மோடை ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றுங்கள், சில போர்டுகளில் கம்பேட்டிபிள் என்று போட்டிருக்கும். தேதியையும் சரி செய்யுங்கள், சேமித்து வெளியே வாருங்கள்.

முதல் முறை துவக்கும்போது பழைய டிஸ்க் மாட்டியிருக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எக்ஸ்பி டிரைவ் எழுத்தைக் குழப்பிக்கொள்ளும். இணையக் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது, இனி அது இணையத்தில் இருக்கவே வேண்டாம். எழும்பியதும் டிஸ்க் சோதனை ஒன்றை ஓட்டுங்கள், ஆனால் அந்த 48 கேபி எந்தக் கோப்பில் விழுந்தது என்பது அதில் தெரியாது, மலர்களைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஜார்ஜ்டவுன் அச்சகம்:

கணினி எழும்பினாலும் அந்த இமேஜை அழித்துவிடாதே தங்கச்சி. மதர்போர்டும் ஒருநாள் போகும். அப்போது அதே இமேஜை, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டு மடிக்கணினிக்குள்ளேயே எக்ஸ்பியை ஓட்டலாம். அங்கேயும் டிஸ்க்கை ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டு, சாட்டாவில் மாட்டினால் இதே 7பிதான் வரும். வன்பொருள் மாறியதால் எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம், அப்பாவின் பெட்டியில் ஒட்டியிருக்கும் சாவி எண்ணை இப்போதே படம் எடுத்து வை.

பட்டர்வொர்த் மகள்:

வந்துவிட்டது! ஐடிஇ என்று மாற்றினேன், ஒரு நிமிடத்தில் டெஸ்க்டாப். பேஜ்மேக்கர் திறக்கிறது, எழுத்து எல்லாம் தமிழாகவே தெரிகிறது. மலர்களைத் திறந்து பார்த்ததில் ஒரே ஒரு கோப்புதான் கெட்டிருந்தது, 2011 மலரில் வைத்த ஒரு புகைப்படம், அச்சான பிரதி வீட்டில் இருப்பதால் அதை ஸ்கேன் செய்துகொள்ளலாம். அப்பா மதியம் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை, 2004 மலரைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் எழுதியவர்களில் யார் யார் இப்போது இல்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு மலர்கள் இதுவரை பிடிஎஃப் ஆகிவிட்டன, இன்னும் பதினொன்று இருக்கின்றன. இமேஜின் ஒரு பிரதி என்னிடம், இன்னொன்று கோலாலம்பூரில் தம்பி வீட்டில். பழைய டிஸ்க்கை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி அலமாரியில் வைத்துவிட்டேன்.