டிசம்பர் 15 கடைசி நாள், டிரான்ஸ்கிரிப்ட் இன்னும் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்

மதுரைப்பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க விண்ணப்பிக்கிறேன், டிசம்பர் 15 கடைசி நாள். கல்லூரியிலிருந்து முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா மதிப்பெண்களும் அடங்கிய சான்று) இன்னும் கிளம்பவே இல்லை. சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்ன ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) சார் போனை எடுப்பதில்லை. கட்டணமும் கட்டியாகிவிட்டது. இந்த வருடம் போச்சா? சரியாகத் தூங்கக்கூட முடியவில்லை.

பஃபலோ_தம்பி:
அக்கா, முதலில் பணத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். அட்மிஷன் கிடைத்தாலும், முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான் மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் தரும். அப்புறம் செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 விசா விண்ணப்பம், சென்னையில் விசா நேர்காணல். வந்து இறங்கிய பிறகும் சுலபமில்லை. நான் வந்தது ஜனவரியில். கார் கிடையாது. பனியில் பஸ்ஸுக்கு நின்று அரிசிப் பையைச் சுமந்து வந்தேன். எதை எடுத்தாலும் ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன். குளிர் ஜாக்கெட் மட்டும் ஊரில் வாங்காதீர்கள், இந்தக் குளிருக்கு அது தாங்காது.

சிகாகோ_மாமா:
ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுதியாச்சா அம்மா? அதைச் சொல்லவே இல்லையே. அது இல்லாமல் விண்ணப்பிப்பது வீண். எங்கள் காலத்தில் அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் உதவித்தொகையே கிடைத்தது.

ஆஸ்டின்_அக்கா:
மாமா, இப்போது அப்படி இல்லை. கொரோனா சமயத்தில் ஜிஆர்இயைக் கைவிட்ட துறைகள் பல, இன்னும் அதைக் கேட்பதில்லை. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. விண்ணப்பிக்கும் துறை என்ன சொல்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

பஃபலோ_தம்பி:
சிபாரிசுக் கடிதம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார் எங்கள் பேராசிரியர். நான்கு வருடம் அவர் வகுப்பில் உட்கார்ந்த பையனைப் பற்றி நான்கு வரி எழுத அவருக்கு மனம் வரவில்லை.

சிகாகோ_மாமா:
அது இன்றைக்கு நேற்று வந்த பழக்கமா? டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு ஜன்னல் ஜன்னலாக அலையவிடுவதும் மாறவில்லை. பிள்ளைகள் எத்தனை பேர் இதனாலேயே ஒரு வருடத்தை இழக்கிறார்கள்!

மதுரைப்பொண்ணு:
மன்னிக்கவும், ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். நான் இப்போது டாலஸில்தான் இருக்கிறேன். கணவருக்கு ஹெச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்து வந்த ஹெச்-4 விசாவில். செப்டம்பரில்தான் வந்தேன். நேர்காணலுக்கு நான் சென்னை போக வேண்டுமா?

சிகாகோ_மாமா:
போய் பாஸ்போர்ட்டில் எஃப்-1 (மாணவர் விசா) ஸ்டாம்பிங் வாங்கிக்கொண்டு வருவதுதான் நல்லது.

ஆஸ்டின்_அக்கா:
தங்கச்சி, பயப்படாதே. படிப்பதற்காக நீ விசாவை மாற்றவே வேண்டியதில்லை. ஹெச்-4 செல்லுபடியாக இருக்கும்வரை அதிலேயே முழுநேரமாகப் படிக்கலாம். ஐ-20, செவிஸ் எதுவும் இப்போது வேண்டாம். ஆனால் வேலை பார்க்க முடியாது. சம்பளத்தோடு வரும் டிஏ, ஆர்ஏ (கற்பித்தல், ஆராய்ச்சி உதவியாளர்) வேலைகளும் கிடைக்காது. உன் கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) ஒப்புதல் ஆகியிருந்தால் நீ வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அது வேறு வழி.

படித்து முடித்து ஓபிடியில் (மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி) வேலைக்குப் போக நினைத்தால் எஃப்-1 வேண்டும். ஓபிடி 12 மாதம், உன் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவு என்பதால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். எஃப்-1க்கு மாற இங்கிருந்தே ஐ-539 விண்ணப்பம் போடலாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். முடிவு வரும்வரை ஹெச்-4 இருந்தால் படிப்பைத் தொடங்கலாம். ஆனால் அதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஊரில் கல்யாணம், காரியம் என்று போக வேண்டி வருமா என்பதை வீட்டில் பேசிவிட்டு மாமா சொன்ன வழியா, இந்த வழியா என்று முடிவு செய். அட்மிஷன் வந்ததும் இன்டர்நேஷனல் ஆபீஸில் கேள்.

இனி அந்த டிசம்பர் 15 விஷயம். பெரும்பாலான இடங்களில் விண்ணப்பத்துக்கு மார்க் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து பதிவேற்றினால் போதும். முத்திரையிட்ட கவரை அட்மிஷன் கிடைத்த பிறகுதான் கேட்பார்கள். உன் துறைக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போட்டு உறுதி செய்துகொள்.

மதுரைப்பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா. மார்க் ஷீட் எல்லாம் கையில் இருக்கிறது. ஹெச்.ஓ.டி. சாருக்கு என்ன செய்வது?

ஆஸ்டின்_அக்கா:
உன் புராஜெக்ட் கைடைக் கேள். பதவியைவிட உன் வேலையை நேரில் பார்த்தவர் எழுதுவதுதான் எடுபடும். விண்ணப்பத்தில் பெயரை மாற்றியதும் அவருக்குப் புது லிங்க் போகும். அவருடைய கல்லூரி மின்னஞ்சல் முகவரியைக் கொடு, ஜிமெயிலைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. ஸ்பேம் பெட்டியையும் பார்க்கச் சொல். சில இடங்களில் கடிதம் கடைசி நாளுக்குச் சில நாள் கழித்து வந்தாலும் ஏற்பார்கள், அதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடு. இன்னொன்று, டெக்சஸில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணம் உனக்குக் கிடைக்குமா என்று பல்கலைக்கழக ரெசிடென்சி பிரிவில் விசாரி. இங்கே வசிப்பதற்குச் சான்றாக வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயரும் இருக்கட்டும்.