டிடிஏ 7294 ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்: 24-0-24 போதுமா, 30-0-30 வேண்டுமா?

கேள்வி:

வணக்கம். டிடிஏ 7294 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி உள்ள மோனோ (ஒரு சேனல்) போர்டு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர்கள் இரண்டும் 8 ஓம். இரண்டு போர்டையும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்ட எண்ணம். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தபோது ஒரு கடைக்காரர் 24-0-24 (நடு முனையிலிருந்து இருபுறமும் 24 வோல்ட்), 5 ஆம்பியர் போதும் என்றார். அடுத்த கடையிலோ, போர்டில் 100 வாட் என்று போட்டிருப்பதால் 30-0-30 வைத்தால்தான் அந்த வாட் வரும் என்றார்கள். எங்கள் பகுதியில் இரவில் லைன் வோல்டேஜ் 250 வரை ஏறிவிடுகிறது. எதை வாங்கலாம்? சாதாரண இ-ஐ கோர் (E, I வடிவத் தகடுகள் அடுக்கியது) போதுமா, டொராய்டல்தான் (வளைய வடிவம்) வேண்டுமா?

மறுமொழி 1:

30-0-30 வேண்டாம் நண்பரே. டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருப்பது ஏ.சி. வோல்டேஜ், ரெக்டிஃபையரும் ஃபில்டர் கெபாசிட்டரும் தாண்டியபின் அது 1.41 மடங்காகி, டையோடில் ஒரு வோல்ட் கழிந்து, பக்கத்துக்கு (பிளஸ், மைனஸ் ஒவ்வொன்றிலும்) 41 வோல்ட்டாக நிற்கும். அதுவும் முழு லோடில்தான். பாட்டு ஓடாதபோது ஐந்து முதல் பத்து சதவீதம் கூடும். லைன் 230க்குப் பதில் 250 ஆக இருந்தால் அதன்மேல் இன்னும் எட்டு, ஒன்பது சதவீதம் ஏறும். ஆக, உங்கள் வீட்டில் இரவு நேரத்தில் அது 48 வோல்ட்டைத் தொட்டுவிடும். டிடிஏ 7294 இயங்குவதற்கான உச்ச வரம்பு பக்கத்துக்கு 40 வோல்ட். சிக்னல் இல்லாத நிலையில்கூட 50 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இதே கணக்கை 24-0-24க்குப் போட்டால் லோடில் 33, இரவில் லோடு இல்லாதபோது 38 அல்லது 39 வருகிறது. வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் அதற்கு மேல் இடமில்லை.

அந்த 100 வாட், 10 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) ஒரு நொடி நேரத்துக்கு அளந்த கணக்கு. 24-0-24இல் 8 ஓமுக்குச் சேனலுக்கு ஏறத்தாழ 50 வாட் சுத்தமாகக் கிடைக்கும். 50 வாட்டுக்கும் 70 வாட்டுக்கும் உள்ள இடைவெளி ஒன்றரை டெசிபல்தான். கேட்கும்போது அது பெரிதாகத் தெரியாது.

மறுமொழி 2:

வோல்டேஜ் பற்றி மேலே சொன்னது சரி. ஆம்பியரைப் பொறுத்தவரை, கெபாசிட்டரை நிரப்பும் மின்னோட்டம் துண்டு துண்டான உச்சங்களாகப் பாய்வதால், 5 ஆம்பியர் என்று எழுதிய சுற்றிலிருந்து தொடர்ச்சியாக 3 ஆம்பியர் அளவுக்குத்தான் டி.சி. எடுக்க முடியும். இரண்டு சேனலும் 50 வாட்டில் முழுமூச்சாக ஓடினால் பக்கத்துக்கு 2.2 ஆம்பியர் ஆகும். ஆகவே 5 ஆம்பியர் பொருத்தமான தேர்வு. வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு மட்டும் என்றால் 3 ஆம்பியரே தாங்கும், ஏனென்றால் பாட்டின் சராசரி உச்ச அளவில் சிறு பங்குதான்.

அதைவிட முக்கியம், உள்ளே சுற்றியிருப்பது செம்புக் கம்பியா என்பது. மலிவான டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றில் அலுமினியம்தான் இருக்கிறது. வெளியே வரும் முனையில் எனாமலைச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாக இருந்து, ஈயமும் ஒட்டாமல் உருண்டு விழுந்தால் அது அலுமினியம். செம்பிலேயே சில வேளை ஈயம் பூசியிருப்பார்கள் என்பதால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது.

டொராய்டலில் காந்தக் கசிவு குறைவு, எனவே ஹம் (ஸ்பீக்கரில் கேட்கும் ரீங்காரம்) குறையும். ஆனால் நடுவில் செல்லும் போல்ட்டின் இரு முனையும் உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால் அது ஒரு ஷார்ட் ஆன சுற்றாகி, டிரான்ஸ்ஃபார்மரே எரியக்கூடும். மேல்முனை மூடியைத் தொடாதபடி இடம் விட வேண்டும். இ-ஐ கோர் வாங்கினால் அதை இன்புட் ஒயர்களிலிருந்து தள்ளி வைத்து, பெட்டியில் இறுக்குவதற்கு முன் கையால் திருப்பிப் பார்த்து, ஹம் மிகக் குறைவாகக் கேட்கும் கோணத்தில் பொருத்துங்கள். பட்ஜெட் இருந்தால் நான் டொராய்டலையே சொல்வேன்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. பின்னாளில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு மாறினால் இதே டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

மறுமொழி 1:

போதாது என்பதைவிட, பொருந்தாது என்பேன். 4 ஓமில் இந்த ஐசிக்குத் தயாரிப்பாளரே சொல்வது பக்கத்துக்கு 27 வோல்ட். 33 வோல்ட்டில் ஓட்டினால் சூடு தாங்காமல் அடிக்கடி தானாக அணைந்துவிடும். அப்போது 20-0-20 சுற்றித் தரச் சொல்லுங்கள், கிடைக்காவிட்டால் 18-0-18 வையுங்கள். இப்போதைக்கு ஃபில்டர் கெபாசிட்டரைப் பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் என்று வாங்குங்கள். 39 வோல்ட் வரும் இடத்தில் 50 வோல்ட் கெபாசிட்டர் போதும்தான், ஆனால் உங்கள் லைனுக்கு 63 நல்லது. பிரைமரியில் (மெயின்ஸ் பக்கச் சுற்றில்) ஸ்லோ-ப்ளோ (சற்றுத் தாமதித்து எரியும்) ஃபியூஸும், உலோகப் பெட்டிக்கு மூன்றாவது பின்னிலிருந்து எர்த்தும் கட்டாயம். முதல் முறை போர்டுகளை இணைக்காமல், 100 வாட் குண்டு பல்பைப் பிரைமரியோடு தொடரில் வைத்து ஆன் செய்யுங்கள். பல்ப் ஒரு நொடி மின்னி மங்கினால் இணைப்பு சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். பல்பை எடுத்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை டி.சி.யை அளந்து பாருங்கள். இரு பக்கமும் 40க்குக் கீழே இருந்தால் மட்டும் போர்டுகளை இணையுங்கள்.