எண்ணெய்க் குழாய்ப் பழுதுபார்ப்பு: இரண்டு வகை ‘ஸ்லீவ்’களுக்கும் தமிழ் என்ன?

ம.தி. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கச்சா எண்ணெய்க் குழாய்களில் பழுதுபார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விதிக் கையேடு தமிழில் வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு), குழி தோண்டல், வாயுச் சோதனைப் பகுதிகள் முடிந்துவிட்டன. பழுதான இடத்தில் குழாயைச் சுற்றி மாட்டும் எஃகுத் துண்டான ‘ஸ்லீவ்’ மட்டும் நிற்கிறது. அகராதிகள் சட்டைக்கை, உறை என்கின்றன. பழைய பதிப்பில் ஏ வகை, பி வகை இரண்டுக்கும் ‘உறை’ என்றே போட்டிருக்கிறார்கள். அதனால் 14ஆம் விதி இப்படி நிற்கிறது: “கசியும் இடத்தில் உறை பொருத்தக் கூடாது, பற்றவைத்த உறை பொருத்தலாம்.” இரண்டுமே பற்றவைப்பவைதான். படிப்பவர் எதைச் செய்வார்? ஏ, பி என்ற எழுத்துகளை மட்டும் நம்பினால் குழிக்குள் மாறிப்போகும். வேலையைச் சொல்லும் இரண்டு பெயர்கள் வேண்டும்.

கா.வ. எழுதியது:

தம்பி, வேறுபாடு முழுவதும் முனைகளில் இருக்கிறது. இரண்டு வகையிலும் குழாயின் மேல் கவிழ்ப்பவை இரண்டு அரைவட்ட எஃகுத் துண்டுகள்தாம். ஏ வகையில் நெடுக்குவாட்டில் இரு பக்கமும் வெல்ட் செய்து துண்டுகளை ஒன்றோடொன்று சேர்ப்பார்கள். முனைகளைக் குழாயோடு சேர்ப்பதில்லை. உள்ளழுத்தத்தால் குழாய் விரியப் பார்க்கும்போது அது இறுகப் பிடித்து வளையத் தகைவில், அதாவது குழாய்ச் சுவரைச் சுற்றுவாட்டில் இழுக்கும் பாரத்தில், பங்கெடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அரிப்பால் மெலிந்த சுவருக்கும் நசுங்கலுக்கும் பொருந்தும். நசுங்கிய பள்ளத்தில் இறுகும் எப்பாக்சியை நிரப்பாமல் மாட்டினால் பாரம் ஸ்லீவுக்கு வந்து சேராது, மாட்டியும் பயனில்லை. கசிவின் மேல் போட்டால் எண்ணெய் இரு முனை வழியாகவும் வெளியே வரும். சுற்றுவாட்டு விரிசலுக்கும் உதவாது. அதைத் திறப்பது நெடுக்கு விசை, ஏ வகை அந்த விசையைத் தாங்குவதே இல்லை.

பி வகையில் முனைகளையும் சுற்றிலும் குழாயோடு வெல்ட் செய்கிறோம். எண்ணெய் உள்ளே புகுந்தாலும் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். அதனால் அதன் நெடுக்கு வெல்ட் முழு ஊடுருவலோடு, அதாவது தகட்டின் முழுத் தடிமனுக்கும் இறங்கி, இருக்க வேண்டும். எந்த வகையானாலும் பழுதின் இரு புறமும் குறைந்தது 50 மி.மீ. தாண்டி நீள வேண்டும். ‘உறை’ என்றால் மூடினால் போதும் என்ற எண்ணம் வருகிறது. 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து மீனவர்கள் தெருவில் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். இந்த விதிகளைத் தமிழில் படிப்பவர்களுக்கு அரைகுறைச் சொல்லைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

பு.சு. எழுதியது:

கா.வ. அம்மா சொன்ன விளக்கத்திலேயே சொல் கிடைத்துவிட்டது: பூண். உலக்கை நுனியில் இரும்புப் பூண் எதற்கு? இடிக்கும்போது மரம் விரிந்து பிளக்காமல் சுற்றிப் பிடிப்பதற்கு. ஏ வகை ஸ்லீவ் செய்வதும் அதுவே. உலக்கைப் பூணின் முனையை யாரும் மரத்தோடு ஒட்டுவதில்லை. புறநானூறு 243இல் வரும் ‘தொடித்தலை விழுத்தண்டு’ தலையில் பூண் கட்டிய ஊன்றுகோல்தான். அந்தத் தொடரே பாடியவருக்குப் பெயரானது. யானைக் கொம்பில் இடும் பூணுக்குக் கிம்புரி என்று தனிப்பெயர் உண்டு. பிளக்கக் கூடியதை வளையமிட்டுக் காப்பது நம் தச்சர்களும் கொல்லர்களும் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை.

பி வகைக்கும் அதே வேரில் சொல் இருக்கிறது. காண்–காட்டு, உண்–ஊட்டு போலப் பூண்–பூட்டு. ஏ வகை ‘பூண்’, பி வகை ‘பூட்டுப்பூண்’. தொடி என்றே வைக்கலாமா என்றும் யோசித்தேன். குறள் 1037இல் ‘தொடிப்புழுதி’ என்று அது எடையளவாகிவிடுகிறது, பூணே தெளிவு.

கா.வ. எழுதியது:

ஐயா, பூண் அருமை. ‘பூட்டு’ மட்டும் வேண்டாம். வால்வை மூடி, பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டு, சாவியைப் பூட்டியவரே வைத்திருக்கும் விதிக்கு இதே கையேட்டில் ‘பூட்டுதல்’ என்றுதான் எழுதியிருக்கிறோம். “பூட்டியாகிவிட்டது” என்று மேற்பார்வையாளர் சொன்னால் அது வால்வைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

நி. எழுதியது:

‘காப்பு’ எப்படி? கையில் போடும் வளையமும் அதுவே, பாதுகாப்பும் அதுவே. ஏ வகை காப்பு, பி வகை முழுக்காப்பு. சொல்லிக்கொடுக்க எளிது.

கா.வ. எழுதியது:

அழகான சொல்தான், ஆனால் இந்தத் துறையில் அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. அரிப்பைத் தடுக்கக் குழாய்க்குத் தரும் மின்சாரத்தை எதிர்மின்வாய்க் காப்பு என்கிறோம். குழாயைத் துண்டாக வெட்டுவதற்கு முன் அதை அணைக்க வேண்டும். வெட்டும் இடத்தின் இரு பக்கத்தையும் தடித்த கம்பியால் இணைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் துண்டுகள் பிரியும் நொடியில் தீப்பொறி பறக்கும். ‘காப்பை அணைத்தபின் வெட்டவும்’ என்பது இப்போதுள்ள விதி. ஸ்லீவும் காப்பானால் ‘காப்பைப் பொருத்தவும், காப்பை அணைக்கவும்’ என்று ஒரே பக்கத்தில் வரும்.

வெ.இ. எழுதியது:

வெல்டர் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். குழியில் நிற்கும் ஆள் ‘ஸ்லீவ்’ என்றுதான் கேட்கிறார், ‘ஸ்லீவ்’ என்றுதான் சொல்கிறார். ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தில் ‘பூணைக் கொண்டா’ என்றால் ‘பூனை’ என்று கேட்கும். ண, ன வித்தியாசம் பேச்சில் நிற்பதில்லை ஐயா. பெயரில் மாற்றம் வேண்டுமென்றால் ‘முனை திறந்த ஸ்லீவ்’, ‘முனை மூடிய ஸ்லீவ்’ போதும்.

பெயரைவிட எனக்குக் கவலை செய்முறைப் பகுதி. வரைவில் ‘எல்லாப் பக்கமும் வெல்ட் செய்க’ என்று ஒரே வரியில் இருக்கிறது. பி வகைக்கு வரிசை முக்கியம்: முதலில் நெடுக்கு வெல்ட் இரண்டும், அடியில் பட்டை வைத்து, நெருப்பு உள்குழாயைத் தொடாதபடி. பிறகு ஒரு முனை முழுவதும். அது முடிந்தபின் மறுமுனை. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் அடித்தால் எஃகு சுருங்க இடமில்லாமல் வெல்ட் வெடிக்கும். ஆர்க் அடிக்கும் முன், வெல்ட் விழப்போகும் வட்டம் முழுவதும் அல்ட்ராசோனிக் கருவியில் சுவர்த்தடிமன் பார்க்க வேண்டும். 6.4 மி.மீ.க்குக் குறைந்தால் நெருப்பு சுவரைத் துளைக்கும் அபாயத்தைத் தனியாகக் கணக்கிட்டாக வேண்டும். 7018 வகை வெல்டிங் ராடு அடுப்பில் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈர ராடு ஹைட்ரஜனைக் கொண்டுபோய் வெல்டுக்குள் விடும். உள்ளே எண்ணெய் ஓடும்போது வெல்ட் சீக்கிரம் ஆறும், கடினமாகும், பல மணி நேரம் கழித்தும் விரிசல் விடும். ஓட்டம் நின்றால் சூடு தேங்கி ஓட்டை விழும். இரண்டுக்கும் நடுவில்தான் வெல்டர் வேலை செய்கிறார்.

பு.சு. எழுதியது:

வெ.இ. ஐயா, பூணும் பூனையும் மயங்கும் என்பதை ஏற்கிறேன்; தனியாக நிற்கும்போதுதான் மயங்கும். முன்னொட்டு வந்தால் மயங்காது. ‘தாங்குபூண்’, ‘அடைபூண்’ எனலாம். முதலாவது பாரம் தாங்கும், இரண்டாவது அழுத்தத்தை உள்ளே அடைக்கும். இரண்டும் வினைத்தொகை, வலி மிகாது. ‘அடைப்பூண்’ என்று அச்சிட்டுவிடாதீர்கள். பெயர்ச்சொல்லாகவே வேண்டுமென்றால் ‘அடைப்புப்பூண்’. ஆனால் ‘அடைப்பு’ என்றால் குழாயில் மெழுகு சேர்ந்து அடைப்பது நினைவுக்கு வரும். பூண் என்ற சொல் கிராமத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உலக்கையையும் மண்வெட்டிக் காம்பையும் பிடித்த கைகள்தான் அந்தக் குழிக்குள்ளும் இருக்கின்றன. அவர்களிடம் ‘ஸ்லீவ்’ என்றால் ஒரு ஒலி. ‘பூண்’ என்றால் வேலை.

ம.தி. எழுதியது:

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ‘அழுத்தத்தை 80 விழுக்காடு குறைக்கவும்’ என்று ஒரு விதி இருக்கிறது. சரியா?

கா.வ. எழுதியது:

தவறு, நல்லவேளை கேட்டீர்கள். ‘80 விழுக்காடாகக் குறைக்கவும்’ என்பதே சரி. பழுது கண்ட நேரத்தில் 50 பார் (பார் என்பது அழுத்த அலகு) இருந்தால் 40 பாருக்கு இறக்க வேண்டும். உங்கள் வரியின்படி 10 பார் ஆகும். ‘ஆக’ என்ற ஈரெழுத்தில் 30 பார் வித்தியாசம். விழுக்காட்டோடு விடாமல், இத்தனை பார் என்று பர்மிட்டில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதும்படி விதி வையுங்கள்.

‘அழுத்தம் குறைதல்’, ‘அழுத்தம் குறைத்தல்’ இரண்டும் வரைவில் கலந்து கிடக்கின்றன. முதலாவது தன்வினை: யாரும் தொடாமல் குறைந்தால் குழாய் எங்கோ திறந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். இரண்டாவது நாம் செய்யும் பாதுகாப்புச் செயல். 2010 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் அருகே 30 அங்குலக் குழாய் பிளந்தது. அழுத்தம் தானாகக் குறைந்ததைக் கட்டுப்பாட்டு அறையினர் குழாய்க்குள் திரவத்தொடர் அறுந்ததாக, அதாவது எண்ணெய்க்கு நடுவே ஆவி இடைவெளி விழுந்ததாக, எடுத்துக்கொண்டு, இரண்டு முறை பம்புகளை மீண்டும் ஓட்டினார்கள். கசிவு என்று தெரிய 17 மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு ‘த்’ இவ்வளவு வேலை செய்யும் இடத்தில் அச்சுப்பிழைக்கு இடமே கிடையாது.

வாயுச் சோதனையில் ‘குழியைச் சோதிக்கவும்’ என்பதையும் மாற்றுங்கள். பெட்ரோலிய ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். ‘குழியின் மேல், நடு, அடி மூன்றிலும்’ என்று எழுதுங்கள். வெடிப்புக் கீழ்வரம்பில் (காற்றில் ஆவி தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 விழுக்காட்டைத் தாண்டினால் எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தாலும் அப்படியே.

ம.தி. எழுதியது:

நேரமாகிவிட்டது. கை தூக்கியவர்களில் ஐவர் தாங்குபூண்/அடைபூண் பக்கம், மூவர் ஸ்லீவ் பக்கம், காப்புக்கு ஒருவர். நூலில் ஒவ்வொரு விதியிலும் ‘தாங்குபூண், அதாவது ஏ வகை ஸ்லீவ்’ என்று இரண்டையும் சேர்த்தே போடுகிறேன். 14ஆம் விதி: “கசியும் இடத்தில் தாங்குபூண் ஒருபோதும் போடக் கூடாது. கசிவை நிறுத்தி, ஆவி இல்லை என்று உறுதி செய்தபின் அடைபூண் போடலாம். முனைகளைச் சுற்றிலும் வெல்ட் செய்யாதது அடைபூண் ஆகாது.”

வெ.இ. எழுதியது:

விதி நன்றாக வந்திருக்கிறது. பெயரில் மட்டும் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். பி வகை கசிவுக்கு மட்டும் உரியதல்ல. கசியாத சுற்றுவாட்டு விரிசலுக்கும் அதுதான் போட வேண்டும். ‘அடைபூண்’ என்று பழகிய ஆள், கசிவில்லையே என்று அந்த விரிசலின் மேல் தாங்குபூணை மாட்டிவிடுவார். 14க்குக் கீழே இதற்குத் தனி வரி போடாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். குழியோரத்தில் வைக்கும் தகரப் பலகையில் நாங்கள் ‘முனை திறந்த ஸ்லீவ்’, ‘முனை மூடிய ஸ்லீவ்’ என்றுதான் எழுதப்போகிறோம், படத்தோடு.

பு.சு. எழுதியது:

தனி வரி அவசியம், உடன்படுகிறேன். பலகையில் படத்துக்கு அடியில் ‘பூண்’ என்றும் ஒரு முறை எழுதிவிடுங்கள் ஐயா.