அம்மாயி குடும்பம் (டிக்கோயா)

ரூபன்: நாளைக்கு 2 மணிக்கு அம்மாயிய எடுக்குறாங்க. சேர்ச் ஐயர் பாட்டு லிஸ்ட் இன்னைக்கு ராத்திரியே கேட்டாரு

கொழும்பு சித்தி: எங்க சபை வர்ஷிப் டீம் பிள்ளைங்க வேன்ல வாறாங்க. கீபோர்ட், டிரம்ஸ் எல்லாம் இருக்கு. அம்மாவுக்கு நல்லா செய்யணும்

ரூபன்: டிரம்ஸா

ஸ்டெல்லா அக்கா: தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல பெட்டி வைக்கவே எடமில்ல சித்தி

வாத்தியார் மாமா: எல்லாரும் கவனமா வாசிங்க. கொலோசெயர் 3:16ல பவுல் சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டுன்னு மூணையும் சொல்றாரு. அதால ஒருத்தருக்கொருத்தர் போதிக்கணும், புத்தி சொல்லணும்னு சேத்தே எழுதுறாரு. அப்ப நாலு பேரு மைக்ல பாட மத்தவங்க பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கு இல்ல பாட்டு. 1854ல தோட்டத்து சனத்துக்கு வேதம் சொல்ல தமிழ் கூலி மிஷன் ஆரம்பிச்சப்ப இந்த மலையெல்லாம் கோப்பித் தோட்டம். சனத்துல பாதிக்கு மேல எழுத்து தெரியாது. கீர்த்தனைன்னா பல்லவிய ஒருத்தர் எடுத்துக் குடுத்தா போதும், சனம் பிடிச்சிக்கும். கீர்த்தனை எழுதுன தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்துல இருந்து நம்ம ராகத்துலயே இருக்கு. அம்மா கைநாட்டு. ஆனா உயிர்த்தெழுதல் பத்தி அவுங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் பாட்டுலதான் தெரியும். மேலும்

சின்ன மாமா: அண்ணே வாய்ஸ்ல போடுங்க. கண்ணாடி இல்ல

கண்டி மச்சான்: தேத்தண்ணிக்கு சீனி யாரு வாங்குறது

கொழும்பு சித்தி: நாங்களும் வசனத்துலதான் பாடுறோம் அண்ணே

ஸ்டெல்லா அக்கா: தாத்தா சாவுக்கு வந்த டீம் பாடுனது பூரா என்னைய உயர்த்து, என் எல்லைய பெருசாக்குன்னு. பெட்டிக்குப் பக்கத்துல நின்னா அத கேக்குறது

கொழும்பு சித்தி: அது வேற சபை

ரூபன்: அதே வேன்தான் சித்தி 😬

சின்ன மாமா: கீழ் லயத்து ஆளுங்க தப்பு மேளம் அடிக்கணுமாம். அம்மாவோட ஒரே மலையில கொழுந்தெடுத்தவங்க

வாத்தியார் மாமா: சேர்ச் வாசல்ல தப்பா

சின்ன மாமா: ரோட்டு முடக்கு வரைக்கும்தான்

ஸ்டெல்லா அக்கா: தாத்தாவுக்கு தப்ப நிப்பாட்டுனதுக்கு அம்மாயி உங்களோட எத்தன மாசம் பேசல மாமா

வாத்தியார் மாமா: அது அப்ப இருந்த ஐயர் சொன்னது

சின்ன மாமா: ஆமா. எல்லாம் ஐயர் தலையில

கண்டி மச்சான்: சீனி 5 கிலோ போதுமா

ஸ்டெல்லா அக்கா: அம்மாயி பாட்டுப் புத்தகம் தலகாணிக்கடியில இருந்துச்சு. பிடிச்ச பக்கத்துலயெல்லாம் மாரி பிஸ்கட் கவர கிழிச்சு வச்சிருக்காங்க. பிள்ளைங்கள வாசிக்கச் சொல்லி அடையாளம் வச்சது. அந்தப் பாட்டுங்களையே பாடுவோம்

வாத்தியார் மாமா: நல்ல யோசன. போட்டோ போடு

ஸ்டெல்லா அக்கா: (3 படங்கள்)

ரூபன்: மூணாவது கல்யாணப் பாட்டுல்ல

வாத்தியார் மாமா: சாவுல கல்யாணப் பாட்டு சரிவராது

சின்ன மாமா: அம்மாவே வச்சிருக்காங்களே

வாத்தியார் மாமா: ஆட்டுக்குட்டியானவரின் கலியாணம்னு வெளிப்படுத்தல் 19ல வருது, அப்படிப் பாத்தா பாடலாம். ஆனா சனம் தப்பா நெனைக்கும்

ஸ்டெல்லா அக்கா: கீபோர்ட் மட்டும் இருக்கட்டும் சித்தி. சுருதிய இறக்கி வைக்கச் சொல்லுங்க. போன கிறிஸ்மசுக்கு கெழவிங்க எல்லாம் வாய மூடிக்கிட்டு நின்னாங்க

கொழும்பு சித்தி: டிரம்ஸ் ஏத்தியாச்சு. வேன் அவிசாவளை தாண்டிருச்சு

சின்ன மாமா: அப்ப தப்பும் வரட்டும்

கண்டி மச்சான்: 10 கிலோவா வாங்கிட்டேன். காசு யாரு குடுக்குறது

ரூபன்: ஐயர் கோல் பண்றாரு. என்ன சொல்ல?

ஸ்டெல்லா அக்கா: எடுக்காத