மறு: மறு: பிரைமரிக்குத் தமிழ்? (வெள்ளிக்குள் வேண்டும்)

தா.ம. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரிப் பாடநூல் ஒன்றில் அமெரிக்கக் கட்சிகள் பற்றிய இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பிரைமரி'யில் மாட்டிக்கொண்டேன்; பொதுத்தேர்தலுக்கு முன், கட்சிக்கு யார் வேட்பாளர் என்று வாக்காளரே முடிவு செய்யும் தேர்தல் அது. நாளிதழ்கள் 'முதற்கட்டத் தேர்தல்' என்கின்றன. நம் மாணவருக்கு முதற்கட்டம் என்றால் ஏழு கட்ட மக்களவைத் தேர்தலின் முதல் நாள்தான் நினைவுக்கு வரும். 'உட்கட்சித் தேர்தல்' என்று போட்டேன், மேலாய்வாளர் அடித்துவிட்டார். கட்சிக்காரர் கூடும் 'காகஸு'க்கும் ஒரு சொல் தந்தால் புண்ணியம்.

நா. எழுதியது:

அடித்தது சரிதான் அம்மா. உட்கட்சித் தேர்தல் என்றால் கிளைச் செயலாளர், வட்டச் செயலாளர் தேர்தல். பிரைமரி அப்படியல்ல. பெரும்பாலும் அரசே நடத்துகிறது, வாக்குச்சாவடியும் அரசுடையது. நான் இருக்கும் டெக்சஸில் கட்சி உறுப்பினர் அட்டையும் கிடையாது, சந்தாவும் கிடையாது. அன்றைக்கு எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்கிறேனோ அந்தக் கட்சிக்காரன் நான்.

இதே டெக்சஸில்தான் ஜனநாயகக் கட்சி ஒரு காலத்தில் 'நாங்கள் தனியார் சங்கம், எங்கள் பிரைமரியில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம்' என்றது. 1944இல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. இன்று நாம் 'உட்கட்சி' என்று எழுதினால் தோற்ற தரப்பின் வாதத்தைத் தமிழில் எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

ச.வ. எழுதியது:

இத்தனை நீளம் எதற்கு? முன் + தேர்தல் = முற்றேர்தல். முற்பகல் போல. முடிந்தது.

இ.ப. எழுதியது:

ஐயா, அதைப் பிள்ளைகள் முன்னால் போகும் தேர் என்று வாசிப்பார்கள். தேர்த்திருவிழாவுக்குத்தான் சரி. ஈழத்தில் நாங்கள் புழங்கும் 'தெரிவு' இருக்கிறதே? 'வேட்பாளர் தெரிவு'. கேட்டவுடன் விளங்கும்.

நா. எழுதியது:

விளங்கும், ஆனால் யார் தெரிவு செய்கிறார் என்பது விளங்காது. நம் ஊரிலும் வேட்பாளர் தெரிவு நடக்கிறது, தலைமை அலுவலகத்தில், நேர்காணல் வைத்து. அமெரிக்காவில் தலைமை 'சீட்டு' கொடுப்பதில்லை, பிரைமரியில் வாக்களிப்பவர்கள் கொடுக்கிறார்கள். 2014இல் எரிக் கேன்டர் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். வர்ஜீனியாவில் தன் சொந்தக் கட்சியின் பிரைமரியில் டேவ் பிராட் என்ற பொருளியல் பேராசிரியரிடம் தோற்றார். கட்சித் தலைமையே நினைத்தாலும் அவருக்கு அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க முடியாது.

முன்பு இப்படி இல்லை. 1968இல் ஹூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியிலும் நிற்காமலே சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். அங்கே எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு விதிகளை மாற்றினார்கள். 1972 முதல் வாக்காளர் கை ஓங்கிவிட்டது. அதனால் என் முன்மொழிவு: சீட்டுத் தேர்தல்.

ச.வ. எழுதியது:

சீட்டா! 'சீட்டு வாங்கினான்' என்பதில் வருவது ஆங்கிலத்து இருக்கை. அதற்கு உகரம் ஒட்டிவிட்டால் தமிழாகிவிடுமா?

நா. எழுதியது:

ஓலைச்சீட்டு, ஏலச்சீட்டு, சீட்டுக்கவி எல்லாம் எந்த இருக்கை ஐயா?

ச.வ. எழுதியது:

அவை வேறு. ஒலி ஒன்றாவதால் பொருள் ஒன்றாகாது. நிற்க, காகஸைப் பற்றி யாரும் பேசவில்லை. காக்கையின் இயல்பு தனித்து உண்ணாமல் இனத்தைக் கூவி அழைப்பது. காக்கை, காகம், காகஸ். இதற்கு மேல் சான்று வேண்டுமா?

இ.ப. எழுதியது:

வேண்டும் ஐயா. அச்சொல்லின் பிறப்பு அமெரிக்கர்களுக்கே தெளிவில்லை. ஆலோசகரைக் குறிக்கும் அல்கோன்கியப் பழங்குடிச் சொல் என்பார் உளர். 1763இல் ஜான் ஆடம்ஸ் தன் நாட்குறிப்பில் பாஸ்டனின் காகஸ் சங்கம் ஒருவர் வீட்டுப் பரணில் கூடிப் புகைபிடித்தபடி ஊர்ப் பதவிகளுக்கு ஆள் முடிவு செய்வதை எழுதியிருக்கிறார். காக்கை அங்கே இல்லை.

இன்னொரு சிக்கல். அயோவாவில் காகஸ் என்றால் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூடுவது. 2020 வரை ஜனநாயகக் கட்சியினர் வேட்பாளருக்கொரு மூலையாகப் போய் நின்றார்கள்; பொதுவாக 15 விழுக்காடு சேராத மூலை கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் காகஸ் என்றாலோ உறுப்பினர் அணி. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் தலைமை வகித்த முற்போக்குக் காகஸ் அந்த வகை. ஒரே சொல்லால் இரண்டையும் பிடிக்க முடியாது. முன்னதற்கு 'தெரிவுக்கூட்டம்', பின்னதற்கு 'அணி'.

தா.ம. எழுதியது:

தெரிவுக்கூட்டம், அணி இரண்டையும் எடுத்துக்கொண்டேன், நன்றி. பிரைமரிக்கு எனக்கு ஒன்று தோன்றுகிறது: 'வேட்புத் தேர்தல்'. வேட்புமனு எல்லோருக்கும் தெரிந்த சொல். அந்த வேட்பை யார் பெறுவது என்று வாக்காளர் முடிவு செய்யும் தேர்தல்.

ச.வ. எழுதியது:

வேள் என்னும் வேர். வேட்கை, வேட்டல், வேள்வி எல்லாம் அதில் கிளைத்தவை. வேட்டல் திருமணமுமாகும். பொருத்தம்தான், கட்சி மாப்பிள்ளை பார்க்கிறது. ஆனால் சேர்த்து எழுதுக.

நா. எழுதியது:

நல்ல சொல். ஒரு முள் மட்டும். கலிஃபோர்னியாவில் 2012 முதல், அதிபர் போட்டி நீங்கலாக, எல்லாக் கட்சியாரும் ஒரே வாக்குச்சீட்டில். முதலிரண்டு பேர் நவம்பர் பொதுத்தேர்தலுக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியானாலும் சரி. 2016 செனட் போட்டியில் கமலா ஹாரிஸும் லொரெட்டா சான்செஸும் அப்படித்தான் மோதினார்கள். இப்படிப்பட்ட போட்டியில் கட்சி யாருக்கும் வேட்பு தருவதில்லை. பெயர் மட்டும் பிரைமரி.

இ.ப. எழுதியது:

அப்போ 'சலிப்புத் தேர்தல்'. சல்லடையில் சலிப்பது. இந்த இழைக்கும் பொருந்தும்.

மட்டுறுத்துநர்:

கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீக ஊர் பற்றி வந்த நான்கு மடல்களை நிறுத்தி வைத்திருக்கிறேன். இழை பிரைமரி பற்றியது.

தா.ம. எழுதியது:

'வேட்புத் தேர்தல்' என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் 'பிரைமரி'. கலிஃபோர்னியாவுக்கு ஓர் அடிக்குறிப்பு. மேலாய்வாளர் 'முதற்கட்டத் தேர்தல்' நாளிதழில் வருகிறதே என்று கேட்டிருக்கிறார், நா. ஐயாவின் 1944 மடலை அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

ச.வ. எழுதியது:

இடைவெளி விட்டா அனுப்பினீர்கள்?