கூடி வாழும் நுண்ணுயிர்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எனக்குக் கிடைத்தது டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்ற மண் அமீபா. அமீபாதானே, என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

க்ளெப்சியெல்லா பாக்டீரியாவை அகார் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) தட்டு முழுக்கப் பூசி நடுவில் அமீபாவை வைத்தால், சில நாளில் வெளுத்த பரப்பில் வட்டமாக ஒரு தெளிவு விழும். அது தின்று தீர்த்த இடம். தீனி இருக்கும்வரை ஒன்றை ஒன்று ஏறெடுத்தும் பார்க்காது. நான் அவற்றைக் கழுவியெடுத்து, சத்தே இல்லாத அகாரில் பரப்பி, மாலை ஆறு மணிக்கு 22 டிகிரி இன்குபேட்டரில் வைத்தேன். இரவு பத்துக்குப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஒரு மணிக்கு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் தட்டு முழுக்க ஆறுகள்! கிளையாறுகள் வந்து சேர, எல்லாம் ஒரு மையத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. பட்டினி கிடக்கும் அமீபா சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற வேதிப்பொருளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விட்டுவிட்டுக் கசியவிடும். பக்கத்தில் இருப்பது அதை உணர்ந்து தானும் கசியவிட்டு, அந்தத் திசையில் நகரும். அன்று இரவு நான் ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை.

காலையில் அந்தக் கும்பல் ஒரு சின்ன நத்தை மாதிரி ஊர்ந்தது, வெளிச்சம் இருக்கும் பக்கமாக. சாயங்காலம் நிமிர்ந்து நின்றது: மெல்லிய காம்பு, உச்சியில் வித்துகள் நிறைந்த ஒரு துளி. காம்பாக நிற்பவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செல்கள். அவை செத்துவிட்டன. மற்றவை வித்தாகி எங்கேயோ பிழைத்துக்கொள்ளும். பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் நேரில் பார்த்தபோது நெஞ்சை அடைத்தது.

பிறகுதான் ப்ராஜெக்டின் உண்மையான வேலை. இரண்டு காட்டு வகைகளைச் சரிபாதியாகக் கலந்து, ஒன்றுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, வித்துகளில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எண்ண வேண்டும். சரிபாதி வரவில்லை. ஒரு வகை காம்புக்கு ஆள் கொடுக்காமல் வித்திடத்தில் நெரிசலாக உட்கார்ந்திருந்தது. ஸ்ட்ராஸ்மன், ஷூ, குவெல்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2000-லேயே நேச்சர் இதழில் இதை எழுதிவிட்டார்கள். எஃப்.பி.எக்ஸ்.ஏ. என்ற மரபணு கெட்டுப்போன வகை இன்னும் மோசம். தனியே விட்டால் அதற்கு ஒழுங்காக வித்துத்தலை கட்ட வராது. அடுத்தவர் காம்பில் ஏறிக்கொள்ள மட்டும் தெரியும்.

அப்படியென்றால் ஏமாற்றுக்காரர்களே பெருகி இந்த ஏற்பாடு என்றைக்கோ அழிந்திருக்க வேண்டுமே? அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மவுண்டன் லேக் பகுதியில் காட்டிலேயே முளைத்த வித்துத்தலைகளை எடுத்துப் பார்த்தார்கள் (2007). பெரும்பாலானவை ஒரே வம்சம். சாகிறவனும் பிழைக்கிறவனும் ஒரே மரபணுவைச் சுமந்தால் ஏமாற்ற ஆளே இல்லை. நெருங்கிய உறவுக்காக இழப்பதும் மரபணுவுக்கு லாபமாகலாம் என்று பரிணாமவியலாளர் ஹாமில்டன் 1964-ல் போட்ட கணக்கு அப்படியே பொருந்துகிறது. எனக்கு அதோடு நிம்மதியாகிவிட்டது.

*

அக்கா, அந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்துக் காட்டில் கணக்கு அவ்வளவு சுத்தமாக இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நஞ்சுண்டையா குழுவினர் முதுமலையிலிருந்து மண்ணும் விலங்குச் சாணமும் எடுத்துப் பார்த்து 2010-ல் எழுதினார்கள். டிக்டியோஸ்டீலியம் ஜைஜான்டியம், பர்ப்யூரியம் என்ற இரண்டு இனங்களில் பெரும்பாலான கூட்டங்கள் பல வம்சக் கலப்பு. பெரிய விலங்கின் வயிற்றில் பல இடத்து வித்துகள் ஒன்றாகி, சாணத்தோடு வெகுதூரம் போய் விழுகின்றன. கலக்காமல் எப்படி இருக்கும்?

அதைப் படித்துவிட்டுத்தான் நான் அனுமதி வாங்கி ஒரு காட்டுக்குப் போனேன். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் யானை லத்தியையும் மான் புழுக்கையையும் நான் பொட்டலம் கட்டுவதைப் பார்த்து, "இதுக்குள்ள என்னம்மா தேடுறே?" என்றார். "சாகத் துணிஞ்ச அமீபாண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த லத்தியைத் தேடி அவரே முன்னால் நடந்தார். நாலாம் நாள் லேபில் ஈரத்தாள் மேல் வைத்த லத்தியில் ஊதா நிறத் தலைகள் முளைத்திருந்தன. பர்ப்யூரியம்! அவருக்குப் படம் அனுப்பினேன்.

அந்நியர் கலந்த கூட்டத்திலும் காம்பு நிற்கிறதே, அதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். வித்தாவதில் முந்துகிற வகை வேறொன்றில், பெருகும் வேகத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்தங்கலாம்; மொத்தத்தில் ஈடாகிவிடும் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

*

யார் காம்பாகிறார்கள் என்பதையும் பாருங்கள் தங்கச்சி. நன்றாகத் தின்ற செல்லையும் மெலிந்த செல்லையும் கலந்தால், மெலிந்ததுதான் பெரும்பாலும் காம்புக்குப் போகிறது. "தியாகம்" என்ற சொல்லை என் அறிக்கையில் பன்னிரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

*

நான் கல்லூரி ஆசிரியர். எங்களிடம் ஒளிரும் சாயமெல்லாம் இல்லை. சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ் பாக்டீரியாவைத் திரவ ஊடகத்தில் விட்டு, குலுக்காமல் வைக்கச் சொன்னேன். சில நாளில் மேலே பாலாடை மாதிரி ஆடை படிந்தது. மரபணுவில் நேரும் திடீர் மாற்றத்தால் பசை சுரக்கும் செல்கள் ஒட்டிக்கொண்டு மேலே மிதந்து ஆக்சிஜனைப் பிடிக்கின்றன. பசை சுரக்கச் செலவு உண்டு. ஆடைக்குள்ளேயே பசை சுரக்காத செல்கள் தோன்றி, காற்றை மட்டும் அனுபவித்துப் பெருகும். அவை கூடக்கூட ஆடை நைந்துபோகும். குலுக்கி வைத்த குழாயில் ஆடையே இல்லை. அங்கே காற்று எல்லாருக்கும் கிடைக்கிறது.

எங்கள் ஆடை ஒரு வெள்ளிக்கிழமை கிழிந்து அடியில் போய் உட்கார்ந்தது. மாணவர்கள் முகம் வாடிவிட்டது. ஒரு பெண் மட்டும், "சார், ஆடையைக் கெடுத்ததையே புது ஊடகத்துல விட்டா?" என்று கேட்டாள். தட்டில் வளர்த்து, பசை சுரக்காத வழவழப்பான காலனி ஒன்றை எடுத்து விட்டோம். அடுத்த வாரம் லேப் திறந்ததும் அவள்தான் முதலில் ஓடினாள். குழாயின் வாயருகே வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக, மறுபடி ஆடை.